மூடினாலும் குற்றம், மூடாவிட்டாலும் குற்றம்

போன வருசம் எங்கட ஊர்க் கோயில் தேருக்கு நானும் தம்பியும் போயிருந்தோம். வாசலில் செருப்பைக் கழற்றிய கையோடு தம்பி தன்ர ரீசேர்ட்டையும் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டான். கீழே ஜீன்ஸ். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் போட்டிருந்தது பஞ்சாபி. ஆனால் அதற்குக் கை இல்லை, ஷோல் கழுத்தோடு கிடந்தது. தொண்டர் ஒருவர் கையை நீட்டி மறித்தார். "பிள்ளை, இப்பிடி உள்ள போகேலாது. கோயிலுக்கு வாற மாதிரி உடுத்திக்கொண்டு வரவேணும்." ஷோலை விரித்து இரண்டு தோளையும் மூடிக் காட்டிய பிறகுதான் விட்டார். சொன்னவரின் உடம்பில் இடுப்புக்கு மேல் வேர்வையும் திருநீறும் மட்டும்தான் இருந்தன.

உள்ளே போன பிறகும் மனம் கும்பிடுவதில் நிற்கவில்லை. ஒரே சாமி, ஒரே வாசல். தம்பி மரியாதைக்காகக் கழற்ற வேணும், நான் மரியாதைக்காக மூட வேணும். அக்கா தம்பி இரண்டு பேருக்கும் தோள் ஒரே மாதிரித்தான் இருக்குது. கோபம் வந்தது உண்மை. ஆனால் வரலாறு படிக்கிற ஆக்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. கோபம் அடங்க முதலே "இது எப்ப தொடங்கினது?" என்று தேட வெளிக்கிட்டு விடுவோம்.

ஆண் ஏன் மேலாடையைக் கழற்றுகிறான் என்பதற்குக் கோயில் பக்கம் கன விளக்கம் இருக்குது. சக்தி உடம்பில் படும் என்பார்கள், ஆகமம் என்பார்கள். எனக்குத் தெரிந்த பழைய விளக்கம் அம்மம்மா சொன்னது. அவர் சின்னப்பிள்ளையாக இருந்தபோது, அவரின் அப்பா ரோட்டில் 'நயினார்' ஒருவரைக் கண்டால் தோளில் கிடக்கிற சால்வையை எடுத்துக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொள்வாராம். அந்த மனுசன் போய் மறைந்த பிறகுதான் சால்வை திரும்பவும் தோளுக்கு ஏறும். சாமிக்கு முன்னால் எல்லா ஆண்களும் செய்வதை, எங்கட ஆக்கள் வேறு சில மனுசருக்கு முன்னாலும் செய்ய வேண்டியிருந்தது. மேல் உடம்பைத் திறப்பது என்றால் "நான் உனக்குக் கீழ்" என்று சொல்லுவது.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் இருக்குது. இந்த மரியாதை ஒரு காலத்தில் பெண்களிடமும் கேட்கப்பட்டது. அதற்காக நாற்பது வருசத்துக்கு மேல் அடிபாடு நடந்தது. அந்த இடம் எங்களுக்குத் தூரமும் இல்லை.

திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தெற்குப் பகுதி, நாகர்கோவில், பத்மநாபபுரம், மயிலாடிப் பக்கம். இன்றைக்குத் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டம். எங்களைப் போலவே பனையோடு வாழ்கிற மண், தமிழ் பேசுகிற சனம். அங்கே பனையேறி வாழ்ந்த நாடார்களை அன்றைக்குச் சாணார் என்றார்கள். அவர்களுக்கு இருந்த தடைகளின் பட்டியலை வாசித்தால் யாழ்ப்பாணத்துக்காரருக்கு ஒன்றும் புதிதாக இருக்காது. குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, பொன் நகை கூடாது, மாடி வீடு கூடாது. பெண்கள் தண்ணிக் குடத்தை இடுப்பில் வைக்கக் கூடாது, தலையில்தான் வைக்கலாம். இடுப்புக்கு மேல் துணி கூடாது.

இந்தக் கடைசித் தடையை இன்றைய கண்ணால் பார்த்தால் பிழையாக விளங்கிக்கொள்வோம். "கீழ்ச்சாதிப் பெண்களை மட்டும் அவமானப்படுத்தினார்கள்" என்று நினைப்போம். அவமானம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஊரில் நாயர் பெண்களும் நம்பூதிரிக்கு முன்னால், கோயிலில் சாமிக்கு முன்னால், மேல்துணியை இறக்க வேண்டியிருந்தது. அவர்களுக்கு மேல்துணி இருந்தது, இறக்குவதற்கு ஒன்று இருந்தது. அதுவே அவர்களின் அந்தஸ்து. நாடார்ப் பெண்ணுக்கு எல்லாரும் மேல் என்றபடியால் அவள் எப்பவும் இறக்கியபடியே இருக்க வேணும். மறுபக்கம் நம்பூதிரி வீட்டுப் பெண்கள், அந்தர்ஜனங்கள், வெளியே வரும்போது உடம்பு முழுக்கப் போர்த்து, ஓலைக் குடையால் முகத்தையும் மறைத்துக்கொண்டு வந்தார்கள். ஆக, ஒரே ஊரில் ஒரே காலத்தில் 'அடக்கமான பெண்' என்பதற்கு மூன்று அளவு. மேல்சாதிப் பெண் முகம் காட்டினால் அடக்கமில்லை, நாடார்ப் பெண் தோளை மூடினால் அடக்கமில்லை.

இதற்குள் இலண்டன் மிசனரிமார் வந்து சேர்ந்தார்கள். ரிங்கல்தௌபே 1806 இல் வந்தார், அவருக்குப் பின்னால் சார்ள்ஸ் மீட், மால்ட் குடும்பத்தினர் வந்தார்கள். நாடார்கள் ஆயிரக்கணக்கில் கிறிஸ்தவரானார்கள். மிசனரிமார் தங்களுடைய கூச்சத்தையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். நாகர்கோவில் வெயிலில் கழுத்து முதல் கணுக்கால் வரை மூடிக்கொண்டு திரிந்த அந்தத் துரைசானிமார் கிறிஸ்தவப் பெண்களுக்கென்று ஒரு தொளதொளத்த சட்டை தைத்துக் கொடுத்தார்கள். குப்பாயம் என்பார்கள். 1814 இல் ரெசிடென்ற் மன்றோ கிறிஸ்தவப் பெண்கள் இதைப் போடலாம் என்று அனுமதி கொடுத்தார். ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல் தோளில் சீலை போட அனுமதி இல்லை.

பெண்களுக்கோ வேண்டியிருந்தது அந்தத் தோள்சீலைதான். எனக்கு இந்த வரலாற்றில் ஆகப் பிடித்த இடம் இது. உடம்பை மூடுவது மட்டும்தான் பிரச்சினை என்றால் குப்பாயம் போதும். துரைசானி தைத்துத் தந்த சட்டையைப் போட்டுக்கொண்டு, அதற்கு மேல் நாயர்ப் பெண் போடுகிற மாதிரியே சீலையையும் போட்டுக்கொண்டு அவர்கள் சந்தைக்குப் போனார்கள். மிசனரிமாரின் வெட்கமும் அவர்களுடையதில்லை, நாயர்களின் மரியாதையும் அவர்களுடையதில்லை. "நீ உடுக்கிறதை நானும் உடுப்பேன்" என்பதுதான் அவர்களுடையது.

அடி விழுந்தது. 1820களில் சந்தையிலும் ரோட்டிலும் பெண்களின் மேல்துணியை இழுத்துக் கிழித்தார்கள், பள்ளிக்கூடங்களையும் சிற்றாலயங்களையும் எரித்தார்கள். 1829 பெப்ரவரியில் அரண்மனை ஒரு அறிக்கை விட்டது. குப்பாயம் சரி, தோள்சீலை கூடாது. அந்த அறிக்கை ராணி கௌரி பார்வதிபாயின் ஆட்சியில் வந்தது. ஒரு பெண் ஆட்சியில் இருந்தால் எல்லாம் மாறும் என்று நம்புகிறவர்கள் இந்த வருசத்தைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

பிறகு ஒரு முப்பது வருசம். 1858 நவம்பரில் விக்ரோறியா ராணி, இனி மத விசயங்களில் தலையிட மாட்டோம் என்று பிரகடனம் செய்தார். அதை இரண்டு பக்கமும் தங்களுக்குச் சாதகமாக வாசித்தன. நாயர்கள் "இனி வெள்ளைக்காரன் கேட்க மாட்டான்" என்றார்கள், நாடார்கள் "இனி எங்களுக்குச் சுதந்திரம்" என்றார்கள். திரும்பவும் சந்தையில் துணி கிழிந்தது, வீடுகள் எரிந்தன. திவான் மாதவராவ் பழைய அறிக்கையையே பிடித்துக்கொண்டு நின்றார். சென்னையில் ஆளுநராக வந்த ட்ரெவெலியன் நெருக்கிய பிறகு, 1859 ஜூலை 26 இல் மகாராஜா உத்திரம் திருநாள் புதிய அறிக்கை விட்டார். கிறிஸ்தவரோ இந்துவோ, நாடார்ப் பெண்கள் எல்லாரும் மேல் உடம்பை மூடலாம். ஆனால் மேல்சாதிப் பெண்கள் மூடுகிற விதத்தில் மூடக் கூடாது. வென்ற பிறகும் அந்த 'விதம்' விடவில்லை பாருங்கள்.

இதே மண்ணில் ஆண்களின் உடுப்பும் அரசியலாகத்தான் இருந்தது. சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் (1809 - 1851) தன்னிடம் வந்த ஆண்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு கும்பிடச் சொன்னார். மற்றக் கோயில்களில் பணிந்து கழற்ற வேண்டும் என்றிருக்க, இங்கே முடிசூடிக்கொண்டு நில் என்றார். இன்றைக்கும் அய்யாவழி ஆண்கள் தலைப்பாகையோடுதான் வழிபடுகிறார்கள். ஆனால் கவனியுங்கள், தலைப்பாகைக்காக நாற்பது வருசம் ஆண்களைச் சந்தையில் பிடித்து உரிந்த கதை இல்லை. ஒரு சாதியை அவமானப்படுத்த வேண்டும் என்றால் அந்தச் சாதிப் பெண்ணின் உடுப்பில் கை வைப்பார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது அவளின் புருசனுக்கும் தகப்பனுக்கும் கொடுக்கிற அடி. வலி மட்டும் அவளுக்கு.

இந்தச் சம்பவங்களை வாசிக்க நான் முக்கியமாகப் பிடித்துக்கொண்டது ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1968 இல் எழுதிய கட்டுரையையும், நாடார்களைப் பற்றிய அவருடைய புத்தகத்தையும். நோட்ஸ் எடுத்து முடித்த பிறகு பார்த்தால், என்னுடைய கொப்பி முழுக்க ஆண்களின் பெயர். மன்றோ, மீட், மால்ட், கல்லன், மாதவராவ், ட்ரெவெலியன். மனு எழுதினவர்கள், மறுப்பு எழுதினவர்கள், அறிக்கை விட்டவர்கள். துணி கிழிக்கப்பட்ட பெண்களில் ஒருத்தியின் பெயர்கூட என்னுடைய கொப்பியில் இல்லை.

நங்கேலி கதை ஏன் இவ்வளவு பரவுகிறது என்பதும் எனக்கு அப்போதுதான் விளங்கியது. சேர்த்தலையில் முலைவரி கேட்டு வந்தவனுக்குத் தன் மார்பையே அறுத்து வாழையிலையில் வைத்துக் கொடுத்த பெண் என்று பேஸ்புக்கில் வருசத்துக்கு நாலு தடவை சுற்றும். அது வாய்வழியாக வந்த கதை. முலைக்கரம் என்பது பெண்கள் மேல் போடப்பட்ட தலைவரியின் பெயர், மார்பை மூடுவதற்கான வரி இல்லை என்று சொல்லுகிற வரலாற்றாசிரியர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் அந்தக் கதையை ஒரேயடியாகத் தூக்கிப் போட எனக்கு மனமில்லை. பெயரில்லாத அத்தனை பெண்களுக்கும் சேர்த்துச் சனம் ஒரு பெயரை வைத்திருக்குது. இந்தியப் பாடப்புத்தகத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு இந்தத் தோள்சீலைச் சண்டை ஒரு பாடமாக இருந்தது. 2019 இல் 'பாடச் சுமையைக் குறைக்க' அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டார்கள்.

மூடினதற்காக அடி வாங்கிய கதை இது. மூடாததற்காக அடி வாங்குகிற கதை எங்கள் காலத்திலேயே நடக்கிறது. இரண்டையும் ஒரே நாட்டில் பார்க்க வேண்டும் என்றால் ஈரானைப் பார்க்க வேண்டும்.

அங்கே முதலில் மாட்டுப்பட்டது ஆண்கள். 1928 இல் ரேசா ஷா ஆண்கள் எல்லாரும் ஐரோப்பிய உடுப்பும் பஹ்லவித் தொப்பியும் போட வேண்டும் என்று சட்டம் போட்டார். மதகுருமாருக்கு மட்டும் விலக்கு. 1935 இல் விளிம்பு வைத்த வெள்ளைக்காரத் தொப்பி என்று மாற்றினபோது மஷாத் நகரில், கோகர்ஷாத் பள்ளிவாசலில், எதிர்த்துக் கூடிய சனத்தின் மேல் இராணுவம் சுட்டது. அடுத்த சனவரியில், 1936 இல், பெண்களின் முறை. சாதர் கூடாது, தலைத்துணி கூடாது. பொலிஸ் ரோட்டில் பெண்களின் சாதரை இழுத்துக் கிழித்தது. தலையைத் திறந்துகொண்டு வெளியே போக மனமில்லாத பெண்கள் வருசக்கணக்கில் வீட்டுக்குள் இருந்தார்கள். அரசு இதற்கு வைத்த பெயர் விடுதலை.

1941 இல் ரேசா ஷா போனார், கட்டாயம் தளர்ந்தது. 1979 இல் புரட்சி வந்தது. மார்ச் மாதம், பெண்கள் தினத்துக்கு முதல் நாள், அரச அலுவலகங்களில் வேலை செய்கிற பெண்கள் தலையை மூட வேண்டும் என்று கொமெய்னி சொன்னார். அடுத்த நாளே தெஹ்ரானில் பெண்கள் ஆயிரக்கணக்கில் ரோட்டுக்கு வந்தார்கள். ஷாவுக்கு எதிராகச் சாதர் போட்டுக்கொண்டு ஊர்வலம் போன பெண்களும் அதில் இருந்தார்கள். அவர்கள் அதைப் போட்டது தங்களுடைய முடிவில். 1983 இல் தலை மூடாவிட்டால் 74 கசையடி வரை என்று சட்டமே வந்தது. 2022 செப்ரெம்பரில் ஜினா மாஷா அமினி ஒழுக்கப் பொலிஸின் பிடியில் இருந்தபோது மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். வயது 22. எங்கட பட்ச் பிள்ளைகளின் வயது.

ஆண்களுக்கு என்ன நடந்தது? தொப்பி போனது, ரை போனது. காற்சட்டையும் சேர்ட்டும் நின்றுவிட்டன. 1928 இல் கட்டாயப்படுத்திப் போட்ட உடுப்பை இன்றைக்கு எந்த ஈரானிய ஆணும் அந்நியம் என்று நினைப்பதில்லை.

இந்தக் காற்சட்டை விசயத்தில் எங்கட நாடும் குறைந்ததில்லை. அநாகரிக தர்மபால 1898 இல் சிங்கள பௌத்தக் குடும்பங்களுக்கு 'கிஹி தின சரியாவ' என்று ஒரு ஒழுக்கக் கையேடு எழுதினார். இருநூறு விதிகள், அதில் பெண்களுக்கென்று தனியாக முப்பது. வெள்ளைக்காரி மாதிரி உடுக்காதே, உடம்பை மூடிச் சேலை கட்டு. அவர் ஆண்களையும் திட்டினார்தான். ஆனால் கொழும்புத் துரைமார் கோட்டும் ரையுமாகவே அரசியல் செய்தார்கள், தேசத்தைக் காப்பாற்றுகிற வேலை சேலைக்குப் போனது. நூற்றியிருபது வருசம் கழித்து, 2019 மே மாதக் கடைசியில், அரச அலுவலகப் பெண்கள் சேலை அல்லது ஒசரிதான் உடுக்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. ஆண்களுக்கு? காற்சட்டை, சேர்ட், இல்லாவிட்டால் தேசிய உடை. எதிர்ப்பு வந்த பிறகு அதை மாற்றினார்கள். காற்சட்டை எந்தச் சிங்கள, தமிழ், முஸ்லிம் பண்பாட்டில் இருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்த வருசத்தை நாங்கள் மறக்க மாட்டோம். ஈஸ்டர் ஞாயிறு தேவாலயத்துக்கும் ஹோட்டலுக்கும் குண்டோடு போய், கமராவில் பதிவான ஆக்கள், முதுகுப்பை மாட்டி, சாதாரண உடுப்புப் போட்ட ஆண்கள். எட்டே நாளில், ஏப்ரல் 29 இல், அவசரகாலச் சட்டத்தில் தடைக்கு வந்தது முகத்திரை. அதற்கு முதல் வருசம் திருகோணமலையில், ஒரு இந்துப் பெண்கள் பாடசாலையில், முஸ்லிம் ரீச்சர்மார் அபாயா போட்டு வந்ததற்கு ஆர்ப்பாட்டம் நடந்தது. "எங்கட பண்பாட்டு உடை சாறி, அதோட வாங்கோ" என்றார்கள் எங்கட ஆக்கள். எந்தச் சாறி? பிளவுஸ் போட்டு, தோளில் முந்தானை விட்டுக் கட்டுகிற சாறிதானே? அந்தத் தோள்சீலைக்காகத்தானே எங்களைப் போன்ற பெண்களைச் சந்தையில் உரிந்தார்கள்? மிசனரித் துரைசானி தைத்த குப்பாயத்தின் பேத்திதானே இந்தப் பிளவுஸ்? ஐயாயிரம் வருசப் பண்பாடு என்கிறார்கள். எங்கட குடும்பத்தில் அதற்கு வயது எண்பதுதான்.

மற்றப் பக்கத்தையும் மறைக்கக் கூடாது. கிழக்கில் முந்தின தலைமுறை முஸ்லிம் பெண்கள் சாறி கட்டி, அதன் தலைப்பாலேயே முக்காடு போட்டவர்கள். அபாயா கடந்த நாற்பது வருசத்துக்குள் பரவினது. விரும்பிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், போட வைக்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள். என்னோடு படிக்கிற காத்தான்குடிப் பிள்ளை ஒருத்தியிடம் இந்தக் கட்டுரையைப் பற்றிக் கதைத்தபோது, "வீட்ட போடு எண்டுறாங்க, வெளிய கழட்டு எண்டுறாங்க. எனக்கு எது விருப்பம் எண்டு ரெண்டு பக்கமும் கேட்டதில்ல" என்றாள். அவளுக்கு எது விருப்பம் என்று நானும் அன்றைக்குக் கேட்கவில்லை. இதை எழுதும்போதுதான் உறைக்குது.

எண்பது வயது என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன்.

தேர் முடிந்து வந்து, வாசலில் நடந்ததை அம்மம்மாவிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, தன்ர அம்மாவின், அதாவது என்ர பூட்டியின், கதையைச் சொன்னார். எங்கட சாதிப் பெண்களுக்கு அந்த நாளில் குறுக்குக்கட்டுத்தான் உடுப்பு. நாங்கள் இப்ப கிணத்தடியில் குளிக்கும்போது மட்டும் கட்டுகிறோமே, அதோடுதான் அவர்கள் வயலுக்கும் சந்தைக்கும் போனார்கள். சட்டை போட்டால் "ஆரடி நீ, நாச்சியாரோ?" என்று கேட்டு அடிப்பார்கள். பூட்டி கலியாணம் முடித்த புதிதில், ரவுணில் வேலை செய்த தமையன் ஒரு சட்டை தைப்பித்துக் கொண்டுவந்து கொடுத்தாராம். நீலத்தில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளி. பூட்டி அதைக் கடகத்துக்குள் வைத்து, மேலே கத்தரிக்காயைப் போட்டு மூடிக்கொண்டு போவா. பெரிய ஆக்களின் வளவுகளைத் தாண்டி, எங்களைத் தெரியாத சந்தைக்குக் கிட்டப் போன பிறகு பனைக்குப் பின்னால் நின்று போட்டுக்கொள்வா. திரும்பி வரும்போது அதே பனை, அதே கடகம். இப்படி இரண்டு வருசம்.

பிறகு ஒருநாள் கழற்றாமலே வீடு வரைக்கும் வந்தாவாம். அன்றிரவு வேலியை எரித்துவிட்டுப் போனார்கள். சட்டையை எரிக்க முடியவில்லை, பூட்டி அதைப் போட்டுக்கொண்டுதான் படுத்திருந்தா.

தீண்டாமையைக் குற்றமாக்குகிற சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957 இல் வந்தது. மாவிட்டபுரத்தில் கோயில் வாசலைத் திறக்கச் சொல்லிப் போராடியது 1968 இல். அதையெல்லாம் நாங்கள் பாடத்தில் படித்தோம், கே. டானியலின் நாவல்களைப் பற்றிக் கம்பஸில் கருத்தரங்கும் வைத்தோம். நீலச் சட்டை ஒன்றும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. என்னை மறித்த அந்த வாசலுக்குள் பூட்டி சாகும் வரைக்கும் போனதில்லை என்றும் அம்மம்மா சொன்னார். வெளி வீதியில் நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுவாவாம்.

பூட்டியின் பெயரை இந்தக் கட்டுரையில் போட வேண்டும் என்றுதான் நான் எழுதத் தொடங்கினேன். கொப்பி முழுக்க ஆண்களின் பெயராக இருக்கிறதே, ஒரு பெண்ணின் பெயராவது இருக்கட்டும் என்று. அம்மம்மாவிடம் கேட்டேன். கன நேரம் யோசித்தார்.

"வேண்டாம் பிள்ளை. பேரைப் போட்டா எந்த ஆக்கள் எண்டு தெரிஞ்சிடும். நீ இன்னும் கலியாணம் முடிக்க இருக்கிறாய்."